எக்ஸ்ரேயை நினைவில் வைக்கும் தகடு

எக்ஸ்ரே எடுத்த கையோடு கம்ப்யூட்டட் ரேடியோகிராபி எனப்படும் சி.ஆர். முறையின் கேசட்டுக்குள் இருக்கும் தகட்டை வெளியே உருவிப் பார்த்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெளுத்த, வழவழப்பான ஒரு பரப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணத்தில் ஒருவரின் நெஞ்சு முழுதும் அதற்குள் இருக்கிறது. விலா எலும்புகள், இதயத்தின் விளிம்பு, நுரையீரலுக்குள் கிளை பிரியும் இரத்தக் குழாய்கள் எல்லாமே இருக்கின்றன. உருவிப் பார்ப்பதேகூடத் தவறு; அறை விளக்கின் வெளிச்சம் பட்டதும் படம் அழியத் தொடங்கிவிடும். ரீடர் என்ற கருவிக்குள் ஒரு சிவப்பு லேசர் வரிவரியாக அதன்மேல் ஓடும்போதுதான் தகடு தான் கண்டதைச் சொல்லும். சொல்லி முடித்தபின் பலத்த வெள்ளை வெளிச்சத்தைக் காட்டினால் எல்லாவற்றையும் மறந்து அடுத்த நோயாளிக்குத் தயாராகிவிடும்.

இருட்டறையை மூடிவிட்டு டிஜிட்டலுக்கு மாற நினைக்கும் எலும்பு மருத்துவர், சிறிய நர்சிங் ஹோம் நடத்துபவர், ஊரில் ஒரு லேப் வைத்திருப்பவர் ஆகியோர் கேட்கும் முதல் கேள்வி, எந்த சி.ஆர். கருவியை வாங்குவது என்பது. விற்பனையாளர் தரும் விளக்கத் தாளில் எண்கள் நிறைய இருக்கும். மணிக்கு எத்தனை தகடு, ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான், எத்தனை பிட் ஆழம் என்று பட்டியல் நீளும். இந்த எண்கள் அனைத்தும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: தகட்டில் பூசியிருக்கும் ஒரு படிகத்தின் நடத்தையிலிருந்து. அந்தப் படிகம் எப்படி நினைவில் வைக்கிறது, எதை மறக்கிறது, எதைப் பொறுத்துக்கொள்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்த எண்ணுக்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடந்துபோகலாம் என்பதும் தானாகவே விளங்கும். அந்தத் தாளில் பெரும்பாலும் இல்லாத ஒரு எண்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பதும் விளங்கும்.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டபோது அவருக்குச் சாட்சி சொன்னது பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய ஒரு திரை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பட்டு அது இருட்டில் ஒளிர்ந்தது. கதிர் நின்றதும் ஒளியும் நின்றது. அடுத்த சில மாதங்களிலேயே மருத்துவர்கள் ஒளிரும் திரையையும் புகைப்படப் பிலிமையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். எக்ஸ் கதிரைப் பிலிம் நேரடியாக உறிஞ்சுவது மிகக் குறைவு. திரை அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தந்தால் பிலிம் எளிதில் கறுக்கும். எடிசன் பரிந்துரைத்த கால்சியம் டங்ஸ்டேட் திரை பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தது. பிறகு 1970-களில் அருமண் உலோகத் திரைகள் வந்தன. அவை குறைந்த கதிரிலேயே அதிக ஒளி தந்ததால் நோயாளி வாங்கும் கதிரின் அளவும் குறைந்தது. எல்லாவற்றிலும் முறை ஒன்றுதான்: திரை அப்போதே ஒளிரும், பிலிம் அப்போதே பதியும், பிறகு இருட்டறை, டெவலப்பர், ஃபிக்ஸர், தண்ணீர், உலர்த்தல்.

திரை உடனே ஒளிராமல் ஆற்றலை உள்ளே வைத்திருந்து, நாம் கேட்கும்போது தந்தால் என்ன? ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் ஜார்ஜ் லக்கி இந்த எண்ணத்துக்கு 1975-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது ஜப்பானின் ஃபியூஜி. பிலிம் விற்றே வளர்ந்த நிறுவனம் அது. பிலிமின் உயிர் வெள்ளி; 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டாலரை நெருங்கியது. வெள்ளியே இல்லாத எக்ஸ்ரே என்பது அந்த நாட்களில் எத்தனை பெரிய ஈர்ப்பாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1981-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த கதிரியல் மாநாட்டில் ஃபியூஜி தன் முறையை வெளியிட்டது. 1983-ல் முதல் வணிகக் கருவி வந்தது. அன்று ஓர் அறையை அடைத்த இயந்திரம் இன்று மேசையோரம் அடங்குகிறது. உள்ளே நடக்கும் இயற்பியல் மட்டும் மாறவில்லை.

தகட்டின் பூச்சில் இருப்பது பேரியம் ஃப்ளோரோபுரோமைடு என்ற உப்பின் நுண்ணிய படிகத் துகள்கள். அதில் மிகச் சிறிதளவு யூரோப்பியம் கலந்திருக்கும். படிகம் என்றால் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அமைப்பு. ஆனால் இந்த அடுக்கில் அங்கங்கே புரோமின் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். குறைபாடுதான். இந்தக் குறைபாடு இல்லாவிட்டால் சி.ஆர். என்ற தொழில்நுட்பமே இல்லை. எக்ஸ் கதிரின் ஒரு ஃபோட்டான் படிகத்தில் மோதும்போது எலெக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன. ஏறத்தாழ பாதி உடனே திரும்பிவந்து ஒளியாகிவிடும். மீதி, அந்தக் காலி இடங்களில் விழுந்து சிக்கிக்கொள்ளும். பல்லாங்குழிப் பலகையில் குழிகளுக்குள் சோழி விழுவதைப் போல. எலும்புக்குப் பின்னால் இருந்த பகுதியில் கதிர் குறைவு, குழிகளில் சோழியும் குறைவு. நுரையீரலுக்குப் பின்னால் கதிர் அதிகம், சோழியும் அதிகம். தகடு முழுக்க எந்தக் குழியில் எத்தனை என்ற கணக்குத்தான் அந்தக் காணாத படம்.

அதை எண்ணுவதற்குத்தான் லேசர். ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிவப்புக் கற்றை ஒரு புள்ளியைத் தொடும்போது அங்கே சிக்கிய எலெக்ட்ரான்கள் குழியிலிருந்து எம்பி வெளியேறி, யூரோப்பியத்திடம் திரும்பி, ஊதா கலந்த நீல ஒளியை விடுகின்றன. இங்கேதான் எனக்குத் தீராத வியப்பு. சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 எலெக்ட்ரான் வோல்ட். வெளியே வரும் நீல ஒளியில் இருப்பதோ ஏறத்தாழ 3. கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வருகிறது. அந்த மிகுதி எங்கிருந்து வந்தது? சில நிமிடங்களுக்கு முன் நோயாளியின் உடலை ஊடுருவி வந்த எக்ஸ் கதிர் விட்டுச்சென்ற ஆற்றல் அது. லேசர் செய்தது பூட்டைத் திறந்த வேலை மட்டுமே. நிறம் வேறு வேறாக இருப்பது இன்னொரு விதத்திலும் உதவுகிறது. சிவப்பை மறித்து நீலத்தை மட்டும் விடும் ஒரு வடிகட்டியை வைத்தால், லேசரின் பலத்த வெளிச்சத்துக்கு நடுவிலும் தகட்டின் மெல்லிய பதிலைத் தனியே பிரித்துவிடலாம்; ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய் அதை மின்சாரமாகப் பெருக்கித் தர, ரீடர் அதை எண்ணாக மாற்றிவிடும்.

விளக்கத் தாளின் முதல் எண் இங்கே விளங்கும். லேசர் தொட்ட ஒரு புள்ளி ஒளிர்ந்து அடங்க ஒரு மைக்ரோ நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. அது அடங்கும் முன்பே லேசர் அடுத்த புள்ளிக்கு ஓடினால் முந்தையதன் மிச்சம் அடுத்ததோடு கலந்து படம் மங்கும். 35 செ.மீ. அகலமும் 43 செ.மீ. நீளமும் உள்ள பெரிய தகட்டை 100 மைக்ரான் பிக்சலில் படித்தால் 3,500 பெருக்கல் 4,300, அதாவது ஒன்றரைக் கோடிப் புள்ளிகள். புள்ளிக்குச் சில மைக்ரோ நொடி என்றாலே ஒரு நிமிடம் ஆகிவிடும். பிறகு தகட்டை அழிக்கும் நேரமும் உண்டு. ஆகவே மணிக்கு நாற்பது ஐம்பது தகடு என்ற வேகம் கருவியின் சோம்பேறித்தனமல்ல. நாளொன்றுக்கு முப்பது நாற்பது பேர் வரும் இடத்தில் அந்த வேகம் தாராளம். இன்னும் வேகமான மாடலுக்காக அதிகப் பணம் கேட்டால், உங்கள் இடத்தில் காலை பத்து மணி நெரிசலில் உண்மையில் எத்தனை கேசட் வரிசையில் நிற்கிறது என்று ஒரு வாரம் எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நினைவில் வைக்கும் எதற்கும் மறதியும் உண்டு. சிக்கிய எலெக்ட்ரான்கள் வெப்பத்தின் சிறு அசைவுகளாலேயே மெல்ல மெல்ல விடுபட்டுக்கொண்டிருக்கும். 8 மணி நேரம் விட்டுவைத்தால் பதிந்ததில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு போர்ட்டபிள் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கேசட்டை ஓரமாக வைத்து மறந்துபோனால் இதுதான் நேரும். எதிர்ப்பக்கமும் உண்டு. சும்மா இருக்கும் தகடும் சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ஒரு நாளுக்கு மேல் பயன்படுத்தாத தகட்டை, காலையில் முதல் வேலையாக ரீடரில் விட்டு அழித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி.

இந்தப் படிகத்துக்கு நெருங்கிய உறவினர் ஒருவர் அதே அறையில்தான் இருக்கிறார். எக்ஸ்ரே டெக்னீஷியன் சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ். இந்தியாவில் அதற்குள் இருப்பது டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட். அதுவும் எலெக்ட்ரான்களைச் சிக்கவைத்து, மூன்று மாதம் அவர் வாங்கிய கதிரை நினைவில் வைத்திருக்கும். பிறகு ஆய்வகத்தில் சூடாக்கினால் ஒளியாகச் சொல்லிவிடும். இன்னொரு உறவினர் திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் இருக்கிறார். அங்கே மண்ணடியில் கிடைத்த கற்கருவிகளின் காலத்தை எப்படிக் கணித்தார்கள் தெரியுமா? கருவிகளோடு புதைந்த மண்ணில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் துகள்களைக் கொண்டுதான். வெயிலில் கிடந்தவரை சூரியன் அவற்றின் நினைவை அழித்துக்கொண்டே இருந்தது, நம் ரீடரின் வெள்ளை விளக்கு செய்யும் அதே வேலை. புதைந்த நாளிலிருந்து சுற்றியுள்ள மண்ணின் கதிர்வீச்சு குழிகளை நிரப்பத் தொடங்கியது. ஆய்வகத்தில் அகச்சிவப்பு ஒளி காட்டி அதைப் படித்தபோது, இடைப் பழங்கற்காலக் கருவிகளின் தொடக்கம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று வந்தது; 64,000 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்து, தெற்காசியாவின் கற்கால வரலாற்றையே மறுபடி பேசவைத்தது. நொடியின் சிறு பகுதியில் பதிந்ததைப் படிக்கும் நம்மூர் ரீடரும், நான்கு லட்சம் ஆண்டுகளை எட்டும் இந்தக் காலக் கணிப்பும் ஒரே வகைக் குழியைத்தான் எண்ணுகின்றன.

இனி இந்தப் படிகத்தின் குணங்களிலேயே மிகப் பெரியதைப் பார்ப்போம். பிலிமுக்குப் பொறுமை கிடையாது. கதிர் கொஞ்சம் குறைந்தால் படம் வெளுக்கும், கொஞ்சம் கூடினால் கறுத்துவிடும்; சரியான அளவின் இரு புறமும் மிகக் குறுகிய இடம்தான். தகடு அப்படியல்ல. ஒரு பங்கு கதிரிலிருந்து பத்தாயிரம் பங்கு வரை, விழுந்த அளவுக்கு நேர் விகிதத்தில் எண்ணிக்கொண்டே போகும். பிறகு மென்பொருள் அந்த எண்களை ஆராய்ந்து, படத்துக்குத் தேவையான பகுதியைத் தேர்ந்தெடுத்து, கண்ணுக்கு உகந்த கறுப்பு வெளுப்பில் காட்டும். இதனால் திரும்ப எடுக்கும் படங்கள் குறைந்தன. பிலிம் காலத்தில் முதுகெலும்புக்குப் பக்கவாட்டுப் படம் எடுத்து, இடுப்புப் பகுதி வெளுத்துப்போய், நோயாளியை மறுபடி மேசையில் ஏற்றிய கதைகள் எந்த மூத்த டெக்னீஷியனிடமும் இருக்கும். வலியில் துடிப்பவரைத் திரும்பத் திரும்பப் புரட்ட வேண்டியதில்லை என்பது உண்மையான நன்மை.

அந்தப் பொறுமைக்குள்தான் ஆபத்தும் இருக்கிறது.

கதிர் குறைந்தால் தகட்டின் படம் வெளுக்காது, மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருக்கும். ஃபோட்டான்களின் எண்ணிக்கை குறையக் குறைய அவற்றின் இயல்பான ஏற்ற இறக்கம் தெரியத் தொடங்குவதால் வருவது அது. கதிரைப் பாதியாக்கினால் இந்தப் பொரி ஒப்பளவில் 1.4 மடங்காகும். அதைப் பார்த்ததும் மருத்துவர் குறை சொல்வார். கதிர் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கூடினால்? படம் இன்னும் வழவழப்பாக, இன்னும் அழகாக இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். பிலிமாக இருந்தால் கறுத்துப்போய் உடனே காட்டிக்கொடுத்திருக்கும். ஒருமுறை பொரிக்காகத் திட்டு வாங்கிய டெக்னீஷியன் அடுத்த முறை கதிரின் அளவைத் தீர்மானிக்கும் எம்.ஏ.எஸ்.ஸைச் சற்றுக் கூட்டிவைப்பார். அடுத்த மாதம் இன்னும் சற்று. அவர்மேல் தவறு சொல்ல முடியாது; அவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை எல்லாம் ஒரு திசையிலிருந்து மட்டுமே வருகிறது. உலகெங்கும் டிஜிட்டலுக்கு மாறிய மருத்துவமனைகளில் இப்படிக் கதிரின் அளவு சத்தமில்லாமல் ஏறியது. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 2004-லேயே தன் 93-ஆவது வெளியீட்டில் இதைப் பற்றி எச்சரித்தது.

ஒரு நெஞ்சுப் படத்தின் கதிர் மிகக் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாக எடுத்தால் ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே உலகில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். எனவே எக்ஸ்ரே என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அடிமுதுகுப் படங்களின் அளவு இதைப்போலப் பல பத்து மடங்கு. முதுகு வளைந்த குழந்தைகளுக்கு வளரும் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுக்க நேரும். அங்கே தேவையில்லாமல் இரண்டு மடங்கு என்பது, யாருக்கும் தெரியாமல் ஒரு குழந்தைமேல் ஏற்றிய சுமை.

ஆகவே கருவி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, ஒவ்வொரு படத்திலும் தகட்டுக்கு எவ்வளவு கதிர் வந்தது என்பதை இந்தக் கருவி எப்படிச் சொல்கிறது என்பதுதான். நான் சொன்ன முக்கியமான எண் இது. நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு அளவுகோலை வைத்திருந்தது. ஃபியூஜியின் எஸ் எண், கதிர் கூடினால் குறையும். கோடக்கின் எண், கதிர் இரட்டித்தால் 300 கூடும். ஆக்ஃபாவினுடையது 0.3 கூடும். ஒரு இடத்தில் வேலை பழகிய டெக்னீஷியன் இன்னொரு இடத்துக்குப் போனால், கூடுதலா குறைவா என்பதே தலைகீழாகும். 2008-ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் ஒரு பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு உடல் பகுதிக்கும் ஓர் இலக்கை நிர்ணயித்துவிட்டால், ஒவ்வொரு படமும் அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் கருவி ஒரு சிறிய எண்ணாகக் காட்டும். சுழியம் என்றால் இலக்கேதான். கூட்டல் 3 என்றால் இரண்டு மடங்கு கதிர். கழித்தல் 3 என்றால் பாதி. இதைவிட எளிமையாக ஓர் எச்சரிக்கையைச் சொல்ல முடியாது. அந்த எண் படத்தோடு திரையில் தெரிகிறதா, மாதக் கடைசியில் மொத்தப் பட்டியலாக எடுக்க முடிகிறதா, திரும்ப எடுத்த படங்களை மென்பொருள் மறைக்காமல் காரணத்தோடு குறித்துவைக்கிறதா என்று பாருங்கள். பிட் ஆழத்தையும் பளபளப்பான திரையையும் காட்டும் விற்பனையாளரிடம், இந்த மூன்றையும் உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

அடுத்தது, சி.ஆரோடு சேரப்போகும் பழைய எக்ஸ்ரே இயந்திரம். ஜெனரேட்டர் அமைத்ததைவிட அதிக நேரம் கதிரை விட்டால் பிலிம் அன்றே சொல்லிவிடும். தகடு அதையும் பொறுத்துக்கொண்டு அழகான படம் தரும். எனவே சி.ஆர். வரும் முன்பே இயந்திரத்தின் கே.வி., நேரம், கொலிமேட்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும். இந்தியாவில் எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்கவே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அதற்காகச் செய்யும் தரச் சோதனையை வெறும் காகித வேலையாகக் கருதாமல், இந்த மாற்றத்தோடு சேர்த்துச் செய்துகொள்வது புத்திசாலித்தனம். கேசட்டைத் தாங்கும் பக்கியில், சிதறிய கதிரைத் தடுக்கும் கிரிட் சரியாக அசைகிறதா என்பதும் முக்கியம். அசையாமல் நின்றால் கிரிட்டின் நுண்கோடுகளும் லேசர் ஓடும் வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, படத்தில் அலையலையாக ஒரு போலிக் கோலம் வந்துவிடும்.

சிதறிய கதிர் விஷயத்திலும் இந்தப் படிகம் பிலிமைவிடக் கூருணர்ச்சி கொண்டது. பேரியம் 37 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலுள்ள ஃபோட்டான்களை நன்றாக உறிஞ்சும். அருமண் திரைகளில் இருந்த கடோலினியத்துக்கு அந்த எல்லை 50. உடலில் பட்டுச் சிதறி ஆற்றல் இழந்த கதிரையும் தகடு ஆவலோடு பதிந்துவிடுகிறது. தேவையான பகுதிக்கு மட்டும் கொலிமேட்டரைக் குறுக்குவதும், எக்ஸ்ரே அறைக்குள் காலிக் கேசட்டுகளை அடுக்கிவைக்காமல் இருப்பதும் இதனால்தான் முன்பைவிட முக்கியமாகின்றன.

பிக்சல் அளவு குறைந்தால் படம் தெளிவாகும் என்பது பாதி உண்மை. லேசர் பூச்சுக்குள் நுழைந்ததும் துகள்களில் பட்டுப் பக்கவாட்டில் பரவுகிறது. 100 மைக்ரானில் படித்தாலும் உண்மையான நுணுக்கத்தைத் தீர்மானிப்பது பூச்சின் தடிமன்தான். தடித்த பூச்சு அதிக ஃபோட்டானைப் பிடிக்கும், மெல்லியது நுணுக்கமாகக் காட்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. கை கால் எலும்புகளுக்கும் நெஞ்சுக்கும் 100 மைக்ரானே போதுமானது. மார்பகப் படம் வேறு. அதற்கு 50 மைக்ரான், தனித் தகடு, தனி மென்பொருள் என்று விற்கிறார்கள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு 2013-ல் வெளிவந்தபோது, ஆயிரம் பரிசோதனைக்கு நேரடி டிஜிட்டல் 4.9 புற்றுநோயையும், பிலிம் 4.8-ஐயும் கண்டறிந்த இடத்தில், சி.ஆர். 3.4-ஐ மட்டுமே கண்டிருந்தது. மாகாணம் அந்தக் கருவிகளை மாற்ற முடிவெடுத்தது. எலும்புக்கு வாங்கிய சி.ஆரிலேயே மார்பகப் படத்தையும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. ரீடருக்குள் நீல ஒளியைச் சேகரிக்கும் கண்ணாடிப் பாதையில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். உருளைகள் தகட்டைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் அதன் ஓரங்கள் தேய்ந்து விரிசல் விடும். விரிசல் எலும்பு முறிவைப்போலவே தோன்றக்கூடும். ஆகவே பராமரிப்பு ஒப்பந்தத்தில் உங்கள் ஊருக்கு ஆள் எத்தனை நாளில் வருவார், லேசரும் உருளையும் அதில் அடக்கமா, தகடு மட்டும் தனியே கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். படங்கள் டைகாம் என்ற பொது வடிவத்தில் எந்தக் கணினிக்கும் தனிக் கட்டணமின்றிப் போக வேண்டும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். சில ஆண்டுகளில் ரீடர் மாறலாம். நோயாளியின் பழைய படங்கள் ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சி.ஆரே வேண்டாம், நேரடி டிஜிட்டலான டி.ஆருக்கே போய்விடலாமா? நேர்மையாகச் சொன்னால், இயற்பியல் டி.ஆர். பக்கம்தான் இருக்கிறது. துகள் பூச்சுத் தகடு தன்மேல் வந்த தகவலில் நான்கில் ஒரு பங்கைத்தான் படமாக மாற்றுகிறது. டி.ஆரின் சீசியம் அயோடைடு பலகையோ பாதிக்கு மேல். அதே தரமான படத்துக்கு ஏறத்தாழ பாதிக் கதிர் போதும். படமும் சில நொடியில் வந்துவிடும். அமெரிக்காவின் மெடிக்கேர் திட்டமும் சி.ஆரில் எடுத்த படங்களுக்கான கட்டணத்தை 2018-லிருந்து 7 சதவீதமும் 2023-லிருந்து 10 சதவீதமும் குறைத்தது. குழந்தைகளை அதிகம் பார்க்கும் இடமும், நாளெல்லாம் கூட்டம் நிற்கும் இடமும் கடன் வாங்கியாவது டி.ஆருக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. ஆனால் இரண்டு எக்ஸ்ரே அறையும் ஒரு போர்ட்டபிளும் ஒரே ரீடரைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய மருத்துவமனையில், ஒரு தகடு கீழே விழுந்து உடைந்தால் அடுத்ததை எடுத்து வேலையைத் தொடரும் வசதி சி.ஆருக்கு மட்டுமே உண்டு. டி.ஆர். பலகை ஒன்றே ஒன்று இருந்து அது விழுந்தால் அன்றைக்கு எக்ஸ்ரேயே கிடையாது.

எதை வாங்கினாலும், கருவி வந்து இறங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுக்குக் காசே தேவையில்லை. கன்ட்ரோல் பேனல் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பிலிம் காலத்து எக்ஸ்போஷர் பட்டியலைக் கிழித்துவிட்டு, புதிய தகட்டுக்கு ஏற்றதாக ஒவ்வொரு உடல் பகுதிக்கும், உடலின் தடிமனுக்கும் கே.வி., எம்.ஏ.எஸ். அளவுகளைப் புதிதாக எழுத வேண்டும். குழந்தைகளுக்கு வயதை வைத்து எழுதாமல் நெஞ்சின் தடிமனை அளந்து எழுத வேண்டும். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளின் உடல்வாகு ஒன்றாக இருப்பதில்லை. எழுதிய அளவுகளில் எடுத்த படங்களின் விலகல் எண்களை மாதம் ஒருமுறை டெக்னீஷியனும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, கூட்டல் 3-ஐத் தாண்டியவை எந்த உடல் பகுதியில் குவிகின்றன என்று கண்டுபிடித்து, பட்டியலில் அந்த வரியைத் திருத்த வேண்டும்.